வீட்டில் ஒருவர் சூதில் சிக்கினால்: குடும்பத்தால் இயல்வதும் வங்கியால் இயல்வதும்

"அவருடைய கணக்கை முடக்கி வைக்க முடியுமா?", "எவ்வளவு பணம் போயிருக்கிறது என்று மட்டுமாவது சொல்லுங்கள்", "இனிமேல் அவனுக்குக் கடன் கொடுக்காதீர்கள்." சூதாட்டத்தில் சிக்கிய ஒருவரின் மனைவியோ தந்தையோ மூத்த சகோதரியோ கிளைக்கு வரும்போது முன்வைக்கும் வேண்டுகோள்கள் பெரும்பாலும் இம்மூன்றே. மூன்றுக்கும் வங்கி நேரடியாக 'ஆகட்டும்' என்று விடையளிக்க இயலாது. வங்கியின் ஒப்பந்தம் கணக்கு வைத்திருப்பவரோடு மட்டுமே. அவருடைய கணக்கு விவரத்தை அவரது இசைவின்றி வாழ்க்கைத் துணைக்கும் சொல்லலாகாது என்பது இரகசியம் காக்கும் கடமையின் பாற்பட்டது. நியமனதாரராகப் பெயர் பதிந்திருந்தாலும், கணக்குதாரர் உயிரோடிருக்கும்வரை அப்பதிவால் எந்த உரிமையும் எழுவதில்லை.

இவ்விடையைக் கேட்டுப் பலர் மனமுடைந்து எழுந்து சென்றுவிடுகின்றனர். அவர்கள் இன்னும் பத்து நிமிடம் அமர்ந்திருந்தால் சொல்லக்கூடியவை ஏராளம் உண்டு. அவற்றையே இக்கட்டுரையில் எழுதுகிறோம். நோயைப் பற்றிய பகுதி மருத்துவர்க்குரியது என்பதால் அதைச் சுருக்கமாகவும், பணத்தைப் பற்றிய பகுதியைச் சற்று விரிவாகவும் சொல்வோம்.

நோய் என்று ஏன் சொல்கிறோம்

சூதாட்டத்தை ஒழுக்கக் குறைவாக மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் நாம். மருத்துவ உலகம் இப்போது அவ்வாறு பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டு 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்களின் பதினோராவது பன்னாட்டு வகைப்பாட்டில், மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாவதோடு சேர்த்தே சூதாட்டக் கோளாறும் வகைப்படுத்தப்பட்டுள்ளது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இதே முடிவுக்கு வந்தது.

இதன் இயல்பை அறிந்துகொண்டால் வீட்டில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி குறையும். எப்போது வெற்றி வரும் என்று கணிக்க முடியாத ஆட்டமே மனத்தை மிகுதியாகப் பிணைக்கிறது. ஏறத்தாழ வென்றுவிட்டதைப் போன்ற தோல்விகூட, அடுத்த ஆட்டத்துக்கு வெற்றியைப் போலவே தூண்டுகிறது. சில காலத்துக்குப் பின் ஆடுபவரின் நோக்கம் பணம் சேர்ப்பதாக இருப்பதில்லை. இழந்ததை மீட்டுவிட்டு யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிட வேண்டும் என்பதே அவருடைய ஒரே எண்ணமாகிறது. ஆகவேதான் அவர் 'இதுவே கடைசி' என்று சொல்லும்போது பெரும்பாலும் மனமறிந்து பொய் சொல்வதில்லை; அதை அவரே நம்புகிறார்.

முந்தைய தலைமுறையின் சீட்டுக் கிளப்புக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் ஒரு மூடும் நேரம் இருந்தது. கையில் காசும் இருந்தாக வேண்டியிருந்தது. இன்று ஆட்டமும் வங்கியும் கடன் கொடுப்பவரும் ஒரே கைப்பேசிக்குள் இருக்கின்றனர். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆசை எழுந்து, இரண்டு மணி ஒரு நிமிடத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடும். நொடியில் பணம் அனுப்பும் வசதியைப் பெருமையோடு வழங்கும் துறையைச் சேர்ந்தவர்கள் என்ற முறையில், இவ்வேகத்தைத் தணிக்கும் வழிகளையும் எடுத்துச் சொல்வது எங்கள் கடமை என்றே கருதுகிறோம்.

சட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அம்மாதம் 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதற்கும் தடை செய்கிறது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வேறுபாட்டை அது பார்ப்பதில்லை. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. அதற்கான பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் துணைபோவதும் குற்றம். ஆடியவர்க்கு இம்மத்தியச் சட்டம் தண்டனை விதிக்கவில்லை; மாநிலச் சட்டங்களின் நிலை மாறுபடலாம். உதவி கேட்கப் போனால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சத்தால் மருத்துவரிடம் போகாமல் இருப்பது தேவையற்றது. அச்சட்டத்தையடுத்துப் பெயர்பெற்ற நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. ஆயினும் வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயத் தளங்கள் திருட்டுத்தனமாகத் தொடர்கின்றன. அங்கே வென்றாலும் பணம் வரும் என்பதற்கு உறுதியில்லை, முறையிடவும் இடமில்லை.

பங்குச் சந்தையின் ஊக வணிகத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது சட்டபூர்வமானது, முறைப்படுத்தப்பட்டது. ஆயினும் 'செபி' 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த வருங்கால மற்றும் விருப்பத்தேர்வு ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 'நான் சூதாடவில்லை, டிரேடிங் செய்கிறேன்' என்று ஒருவர் கடன் வாங்கி, மறைத்து, இழந்ததைத் துரத்திக்கொண்டிருந்தால், பெயர் எதுவாயினும் வீட்டின் நிலை ஒன்றே.

கணக்கு அறிக்கை சொல்லும் செய்தி

அவர் இசைந்து தம் கணக்கு அறிக்கையைக் காட்டினால், இருப்புத் தொகையைப் பார்ப்பதைவிட நேரத்தையும் பெயரையும் பாருங்கள். நள்ளிரவுக்குப் பின் ஐந்நூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று வரிசையாகப் போன தொகைகள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தனிநபர் பெயரில் அல்லது கேள்விப்படாத கடையின் பெயரில் இருக்கும் யுபிஐ முகவரிகள். இடையிடையே அதே போன்ற முன்பின் அறியாத பெயர்களிலிருந்து வந்த சிறு வரவுகள். சட்டவிரோதத் தளங்கள் தம் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாததால் பிறருடைய கணக்குகளின் வழியே பணம் திரட்டுவதன் தடம் இது. சம்பளம் வந்த மூன்றாம் நாளே கணக்கு வறண்டுபோதல், வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்தல், நகைக்கடனை மீட்காமல் மறு அடகு வைத்தல், ஒரே மாதத்தில் மூன்று நான்கு கடன் செயலிகளிலிருந்து வரவு ஆகியனவும் கவனிக்கத்தக்கவை. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நண்பருக்குக் கைமாற்றுக் கொடுத்தவரையும் அறிக்கை இப்படித்தான் காட்டும்.

அடுத்து, மொத்தக் கடன் எவ்வளவு என்று அறிய வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும், கேட்பவர்க்கு ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் வாங்கிய கடனெல்லாம் அதில் தெரிந்துவிடும். அதில் தெரியாதவை நண்பரிடம் வாங்கிய கைமாற்று, அடகுக் கடை, வட்டிக்காரர், அனுமதியற்ற செயலி ஆகியவை. அவற்றை அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. முதலில் சொல்லும் தொகை முழுத்தொகையாக இருப்பது அரிது. இரண்டு இலட்சம் என்பார். ஒரு வாரம் கழித்து மூன்றரை ஆகும். அடகுச் சீட்டு ஒன்று பின்னர் வெளிவரும். ஒவ்வொரு முறையும் வீடு அதிர்ந்தால் அடுத்ததைச் சொல்லத் தயங்குவார். ஆகவே கோபத்தை அடக்கிக்கொள்வது இவ்விடத்தில் பண்பாடு பற்றியது மட்டுமன்று. பட்டியல் முழுமையடைய அது ஒன்றே வழி.

கடனை நீங்கள் அடைக்கலாமா?

இதுவே கட்டுரையின் மையம். பிள்ளை கடன்பட்டான் என்றறிந்ததும் மனையை விற்றோ, ஓய்வுப் பணத்தை எடுத்தோ ஒரே நாளில் அனைத்தையும் அடைத்துவிட்டு, 'இத்தோடு போகட்டும்' என்று பெருமூச்சு விடுவதே நம் குடும்பங்களின் வழக்கம். அந்த அன்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அடுத்த நாள் கணினியில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்களே. கடன் அட்டையின் நிலுவை முழுவதும் கட்டப்பட்டதும் அதன் வரம்பு முழுவதும் மீண்டும் திறந்துகொள்கிறது. கடன் மதிப்பெண் நாளடைவில் உயர்கிறது. மதிப்பெண் உயர்ந்தவர்க்கு 'உங்களுக்கு முன்னரே ஒப்புதலளிக்கப்பட்ட கடன் தயார்' என்ற குறுஞ்செய்தி வருகிறது. நோய் அப்படியே இருக்க, கடன் வாங்கும் வலிமை மட்டும் புதிதாகிறது. மனை ஒருமுறைதான் விற்கும்.

உதவி செய்யவே கூடாது என்பதன்று எங்கள் கருத்து. எப்படிச் செய்கிறோம் என்பதே வேறுபாடு. பணத்தை அவர் கையில் தராமல் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு நேரே செலுத்துங்கள். செலுத்தியதோடு நிற்காமல் அக்கணக்கை மூடச் செய்யுங்கள். கடன் அட்டையை மூடக் கேட்டு, நிலுவையும் இல்லாதபோது, ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதை மூடியாக வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளர்க்குத் தர வேண்டும். நிலுவையின்மைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகை, மளிகை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம் ஆகியவை முதலில். வீடோ நகையோ பிணையாக உள்ள கடன் அதற்கடுத்து. அதன்பின் வட்டி மிகுந்தது. பெரும்பகுதி அவருடைய சம்பளத்திலிருந்தே, மாதந்தோறும், கண்ணுக்குத் தெரியும்படி அடைபடுவது நல்லது. இரண்டாண்டு ஆகலாம். ஆகட்டும்.

தவணை தவறும் என்று தெரிந்தால் கடன் கொடுத்த வங்கியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். 90 நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதற்குப் பின் கிளை மேலாளர் செய்யக்கூடியது மிகக் குறைவு. அதற்கு முன் வந்தால் தவணைக் காலத்தை நீட்டிப்பது பற்றிப் பேச இடமுண்டு. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கடன் பாக்கிக்காக அழைக்கலாகாது. கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்தாளலாகாது. ரிசர்வ் வங்கியின் முறைப்படுத்தலுக்கு உட்பட்ட நிறுவனங்கள் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியல் அவ்வங்கியின் இணையதளத்தில் உள்ளது. அப்பட்டியலில் இல்லாத செயலி உறவினர்க்கெல்லாம் செய்தி அனுப்பி மிரட்டினால், பணம் கட்டி வாயடைக்க முயலாமல் 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

குடும்பத்தார் அறிய வேண்டிய இன்னொன்று: கணவர் தனியே வாங்கிய கடனுக்கு, இணைக் கடனாளியாகவோ பிணையாளராகவோ கையெழுத்திடாத மனைவி பொறுப்பாகமாட்டார். கையெழுத்திட்டுவிட்டாலோ, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, பிணையாளரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் பொதுவாக ஒன்றே. 'வெறும் சாட்சிக் கையெழுத்துதான்' என்று நீட்டப்படும் தாளை முழுவதும் படியுங்கள். அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லி ஒருவர் நீதிமன்றத்தில் பணம் கோர முடியாது. வங்கியில் வாங்கிச் சூதில் இழந்த கடன் இதில் அடங்காது; அது கட்டியே தீரவேண்டிய கடன். சீதனமாக வந்த நகை மனைவியின் தனிச்சொத்து என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை உறுதிசெய்துள்ளது. பெட்டகம் கூட்டுப் பெயரில் இருந்து, 'இருவரில் ஒருவர்' திறக்கலாம் என்ற நிபந்தனையும் இருந்தால், அந்நகையைத் தனிப் பெயரிலுள்ள பெட்டகத்துக்கு மாற்றிக்கொள்வதில் தவறேதுமில்லை.

அவருடைய கையெழுத்தோடு போடக்கூடிய பூட்டுகள்

மேற்சொன்ன மூன்று வேண்டுகோள்களுக்கும் வங்கி 'ஆம்' என்று சொல்லும் ஒரு வழி உண்டு. அவரே எழுதிக் கொடுப்பதுதான் அது. தெளிந்திருக்கும் நேரத்தில் 'எனக்கு உதவுங்கள்' என்று அவர் சொல்லும் தருணம் நெடுநேரம் நீடிப்பதில்லை. அன்றைக்கே, முடிந்தால் அம்முற்பகலிலேயே, அவரோடு கிளைக்கு வந்துவிடுங்கள்.

தமது கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை நிறுத்திவைக்கக் கணக்குதாரரே எழுத்து மூலம் கேட்கலாம். யுபிஐ, இணைய வங்கி, கைப்பேசி வங்கி வசதிகளை நீக்கச் சொல்லலாம். அட்டையின் இணையவழிப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்தவும் தொகை வரம்பு வைக்கவும் 2020 முதல் எல்லா வங்கிகளும் வசதி தந்துள்ளன. முன்னொப்புதல் கடன், வைப்புத் தொகையின் மீதான மிகைப்பற்று ஆகியவை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே இசைவுகளையும் அன்றே இரத்துசெய்துவிடுங்கள். ஒரே எண்ணில் பல வங்கிக் கணக்குகள் இணைந்திருக்கும் என்பதால், ஒரு வங்கியில் பூட்டிவிட்டு நிம்மதியடைய வேண்டாம்.

குடும்பச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கு தேவைப்படும். இங்கே ஒரு சொல்லைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலோர் எண்ணிப் பாராமல் 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையைக் குறித்துவிடுகின்றனர்; அதில் ஒருவரே முழுத்தொகையையும் எடுத்துவிட முடியும். 'இருவரும் சேர்ந்து' என்று குறித்தால் ஒவ்வொரு காசோலைக்கும் இரு கையெழுத்து வேண்டும்; பொதுவாக அத்தகைய கணக்குக்குப் பற்று அட்டையும் யுபிஐயும் தரப்படுவதில்லை. சாதாரணக் காலத்தில் இது தொல்லை. இக்காலத்தில் இதுவே பாதுகாப்பு. சம்பளம் வந்த மறுநாளே ஒரு பகுதி இக்கணக்குக்குத் தானாக மாறும்படி அவர் நிலையான உத்தரவு தரலாம். வைப்புத் தொகைகளையும் இம்முறைக்கு மாற்றுங்கள்.

அவருடைய இரகசிய எண்ணையும் ஓ.டி.பி.யையும் வாங்கி வைத்துக்கொண்டு நீங்களே கணக்கை நடத்துவது பலர் கையாளும் முறை. அதை நாங்கள் பரிந்துரைக்க இயலாது. விதிக்குப் புறம்பானது என்பது ஒருபுறம். மறுபுறம், அவர் விரும்பினால் இரண்டு நிமிடத்தில் அவ்வெண்ணை மாற்றிவிட முடியும். அதைவிட மேலாக, நாள்தோறும் கைப்பேசியைச் சோதிக்கும் காவலராக மனைவி மாறுவது இல்லறத்தைத் தின்றுவிடும். பூட்டு வங்கியிடம் இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. பணமுடையிலிருக்கும் சூதாடியைத் தேடி ஒரு தூண்டில் வரும்: 'உங்கள் கணக்கைச் சில நாள் எங்களுக்குத் தாருங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்.' சில வேளைகளில் மனைவியின் அல்லது கல்லூரியில் படிக்கும் மகளின் கணக்கே கேட்கப்படும். பிறரிடம் மோசடி செய்த பணம் அக்கணக்கு வழியே ஓடும். காவல்துறை முதலில் தேடி வருவது கணக்குதாரரை. அட்டை, காசோலைப் புத்தகம், சிம் எதையும் எவரிடமும் கொடுக்கலாகாது என்று வீட்டில் எல்லோர்க்கும் சொல்லி வையுங்கள்.

மருத்துவ உதவி

வங்கிப் பூட்டுகள் நேரத்தை வாங்கித் தரும், நோயைத் தீர்க்கா. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நாடுவது இன்றியமையாதது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் குறைந்த செலவிலோ செலவின்றியோ சிகிச்சை பெறலாம். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை, இணையத்துக்கும் கைப்பேசிக்கும் அடிமையானவர்களுக்கென 2014 முதல் தனிப் பிரிவே நடத்துகிறது. எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால், 2022இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். நோயாளி வர மறுத்தாலும் குடும்பத்தார் தமக்காக அழைக்கலாம். உறக்கமற்ற வீட்டில் அவர்களுக்கும் ஆறுதல் தேவை.

கடன் வெளிப்பட்ட முதல் சில நாட்கள் அபாயகரமானவை. அவமானமும் அச்சமும் ஒருசேர வந்து அவரைச் சாவை நோக்கித் தள்ளக்கூடும். 'நான் இல்லாவிட்டால் உங்களுக்குக் கடன் இருக்காது' என்பது போன்ற பேச்சு, காப்பீட்டுப் பத்திரங்களைத் திடீரென எடுத்து ஒழுங்குபடுத்துதல், யாரிடமும் பேசாமல் ஒதுங்குதல் ஆகியவற்றைக் கண்டால் தனியே விடாதீர்கள். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடாது. 14416ஐ அழையுங்கள், உடனடி ஆபத்தெனில் 112. கணக்கு வழக்கையெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். எந்தக் கடனும் ஒரு வாரம் காத்திருக்கும்.

சில மாதம் நின்றிருந்தவர் மீண்டும் ஒருநாள் ஆடிவிடுவதும் நடக்கக்கூடியதே. நோய் திரும்பியதாகக் கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். பூட்டுகள் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். நெடுங்காலம் நன்றாக இருந்தால் சிறிது சிறிதாகத் தளர்த்தலாம். அதற்கு யுபிஐ சர்க்கிள் என்ற வசதி ஏற்றது. மனைவி முதன்மைப் பயனாளராக இருந்து கணவரை இரண்டாம் பயனாளராகச் சேர்க்கலாம். அவர் செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் மனைவியின் ஒப்புதல் வேண்டும் என்றும் வைக்கலாம். அல்லது மாதத்துக்கு 15,000 ரூபாய்க்கு மிகாமல் ஒரு வரம்புக்குள் அவரே செலவிட விடலாம். தேநீருக்கும் பெட்ரோலுக்கும் நாள்தோறும் கையேந்தும் நிலை இதனால் நீங்கும்.

கிளைக்கு வரும்போது கணக்குதாரரே நேரில் வர வேண்டும். ஆதார், பான் அட்டைகளின் படிகள், எல்லா வங்கிகளின் பற்று மற்றும் கடன் அட்டைகள், மீதமுள்ள காசோலைத் தாள்கள், வைப்பு ரசீதுகள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். கூட்டுக் கணக்கு தொடங்குவதாயின் இணைக் கணக்குதாரரின் ஒளிப்படமும் தேவை. கூட்டம் குறைந்த பிற்பகல் வேளையில் வந்தால் அதிகாரியின் தனியறையில் அமர்ந்து பேசலாம். காரணம் இன்னதென்று படிவத்தில் எழுத வேண்டியதில்லை.